கும்பத்துக்கு முன்னால் வைத்த புத்தகம்

முதலே சொல்லிவிடுகிறேன், புத்தகம் கிடைத்துவிட்டது. நெஞ்சு படபடக்கிறவர்கள் எழுந்து போகத் தேவையில்லை. கிடைத்த பிறகுதான் பெரிய கரைச்சல் தொடங்கியது, அதுவும் நல்லபடியாகவே முடிந்தது. இனி ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒஸ்ட்ரேலியாவின் மெல்பேணில், ஹோதோர்ன் பக்கம், டிராம் போகிற தெருவுக்குப் பின்னால் ஒரு செங்கல் வீடு இருந்தது. வெளியே நின்று பார்த்தால் பல் வைத்தியரின் வீடு போலத்தான் தெரியும். உள்ளே போனால் அறை அறையாக ஜப்பான் நாட்டு நாடகம். மேடையில் ஆடியவர்களின் படம் அச்சடித்த நோட்டீஸ்கள், முகமூடி செய்யும் விதம் சொல்லும் சுருள்கள், பொம்மை நாடகத்துக்குக் கதை பாடுகிறவர்கள் வைத்திருந்த புத்தகங்கள். ட்ரிஸ்கல் என்றொரு கம்பளி வியாபாரி உலக யுத்தத்துக்கு முன்னர் ஆட்டு ரோமம் விற்க ஒசாகாவுக்குப் போவார். வரும்போது பெட்டி நிறைய இவற்றைக் கொண்டு வருவார். யுத்தத்தில் ஜப்பான் எதிரியானதும் அயலார் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஜப்பான் எழுத்தெல்லாவற்றையும் எரித்துவிடு என்று சொன்னவர்களும் உண்டு. அவர் ஒன்றையும் எரிக்கவில்லை. சாகும்போது தங்கச்சியின் கையைப் பிடித்து, "யார் கேட்டு வந்தாலும் கதவைத் திற. ஆனால் ஒரு புத்தகமும் இந்த வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது" என்றாராம்.

அந்தத் தங்கச்சிதான் மிஸ் ட்ரிஸ்கல். ஒல்லியான, உயரமான மனுஷி. ஜப்பான் எழுத்தில் ஒன்றும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு புத்தகத்தையும் குளிப்பாட்டித் தலை துவட்டிய பிள்ளையைத் தூக்குவதுபோலத்தான் தூக்குவார்.

அவருக்கு உதவியாக அங்கே வேலை செய்தவள் எங்கள் சத்தியபாமா. கொழும்பில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்துவிட்டுக் கணவன் கதிர்காமநாதனோடு இங்கே வந்தவள். கிளென் வேவர்லியில் வீடு. கதிர்காமநாதன் ஓர் எஞ்சினியர். கூடவே அவருடைய தமக்கை பவளம், சத்தியபாமாவுக்கு மச்சாள் முறை. புருஷன் செத்த பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவர். குசினியில் சமையலும் சாமியறையும் அவருடைய ஆட்சி. சாமியறை என்றால் தனி அறை என்று நினைக்காதீர்கள், சாப்பாட்டு அறையின் ஒரு மூலைதான். அந்த மூலையில் சொல் என்றால் பவளத்தின் சொல்தான்.

ட்ரிஸ்கல் வீட்டு நூலகத்தில் புத்தகங்களுக்குச் சட்டை உண்டு. ஜப்பானில் அப்படித்தான் காப்பார்களாம். நீலத் துணி ஒட்டிய மடிப்பு அட்டையைப் புத்தகத்தைச் சுற்றி மூடி, எலும்பில் செய்த சின்ன ஊசியைத் துணி வளையத்துக்குள் செருகிவிட்டால் தூசியும் போகாது, பூச்சியும் போகாது. வருஷக்கணக்கில் செருகிச் செருகி வளையங்கள் இற்றுப்போயிருந்தன. சத்தியபாமா நன்றாகத் தைப்பாள். புத்தகத்தை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெறும் சட்டைகளைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய், புது வளையம் தைத்துக்கொண்டு வருவாள். சட்டை புத்தகம் அல்லவே, படியைத் தாண்டினால் பாதகமில்லை.

நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. அதன் கடைசி நாளுக்கு முந்தின நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அவள் வழக்கம்போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, நூலகத்தைத் திறந்து ஜன்னல் திரையைக்கூட இன்னும் விலக்கவில்லை, வாசலில் இரண்டு பேர். ஒருவர் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஜப்பானியக் கிழவர். மற்றவர் அவருக்கு மொழிபெயர்க்க வந்த நோரிகோ என்ற இளம்பெண், இங்கேயே பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழி படிப்பிக்கிறவள்.

"இவர் மிஸ்டர் குராஹாஷி" என்றாள் நோரிகோ. "ஒசாகாவிலிருந்து வந்த பொம்மை நாடகக் குழுவில் கதை பாடுகிறவர். இன்றைக்குப் பின்னேரம் காட்சி. அவருடைய புத்தகம் இருந்த பெட்டி விமானத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டது. எங்கே நிற்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை."

அவள் கதையின் பெயரைச் சொன்னாள். பனியில் காணாமல்போன மகளைத் தேடி ஒரு தாய் நடக்கிற கதை. ஒஸ்ட்ரேலியாவில் அதன் பாட்டுப் புத்தகம் இருக்கிற ஒரே இடம் இந்த வீடுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"புத்தகம் இல்லாமல் பாடமாட்டாரா?" என்று மிஸ் ட்ரிஸ்கல் கேட்டார்.

"மாட்டார். பாடுகிறவருக்கு முன்னால் ஒரு தாங்கியில் புத்தகம் இருக்க வேண்டும். தொடங்கும்போது அதை எடுத்து நெற்றியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார். ஐம்பது வருஷமாக அப்படித்தான்." நோரிகோ குரலைத் தாழ்த்தினாள். "மண்டபத்துக்காரர் மெல்பேண் ரெலிபோன் புத்தகத்துக்குப் பிறவுண் பேப்பர் உறை போட்டுக் கொண்டு வந்து நீட்டினார். அதைப் பார்த்ததும் இவர் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு இருந்துவிட்டார்."

மிஸ் ட்ரிஸ்கலின் முகம் மலர்ந்துபோயிற்று. பாருங்கள், எத்தனை வருஷமாகத் தூசி தட்டிக் காத்த வீடு! வந்து பார்ப்பவர்கள் ஆராய்ச்சிக்காரர், மாணவர், மழைக்கு ஒதுங்குகிறவர். பாடப்போகிற ஒருவர், பாடுவதற்காக ஒரு புத்தகம் கேட்டு வந்தது அன்றுதான் முதல் தடவை.

"இருக்கிறது. அண்ணா அதை ஒசாகாவிலேயே ஒரு பாடகரிடம் வாங்கியவர்" என்று சொல்லிக்கொண்டே அலுமாரியைத் திறந்தார்.

அலுமாரியில் அது இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

மேசையைப் பார்த்தார்கள். அங்கே சட்டை இல்லாமல் வேறு புத்தகங்கள் கிடந்தன, அது இல்லை. மேல் தட்டு, கீழ்த் தட்டு, சுருள்கள் வைக்கிற பெட்டி, ஜன்னலடி. நேற்று அந்தப் புத்தகத்தைச் சட்டையிலிருந்து கழற்றி மேசையில் வைத்தவள் சத்தியபாமாதான். வைத்தது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதற்குப் பிறகு?

மிஸ் ட்ரிஸ்கல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யுத்த காலத்திலேயே அண்ணா தொலைக்கவில்லை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் தொலைத்துவிட்டேன். அதுவும் கேட்டு வந்த அன்றைக்கு."

குராஹாஷி முழங்கால்களில் கையை ஊன்றி இருந்தார். நிலைமை அவருக்கு விளங்கிவிட்டது. மெதுவாக எழுந்து நோரிகோவிடம் என்னவோ சொன்னார்.

"மண்டபத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்" என்றாள் நோரிகோ. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம்தான் சத்தியபாமா மேசையில் கிடந்த புத்தகங்களை இன்னொரு தடவை பார்த்தாள். எல்லாம் சட்டை கழற்றிய புத்தகங்கள். அவற்றின் சட்டைகள் வீட்டில், கூடையில். இந்தப் புத்தகத்தின் சட்டையும் அந்தக் கூடையில்தான்.

"மிஸ் ட்ரிஸ்கல், நேற்றுப் பின்னேரம் இந்த மேசையில் ஏதும் எடுத்தீர்களா?"

"நானா? இல்லையே. ஒன்று மட்டும் ஓரத்தில் கிடந்தது, விழுகிற மாதிரி. சட்டையும் இல்லாமல், பாவம். அதன் சட்டையைத் தேடி எடுத்து, உள்ளே வைத்து ஊசியைச் செருகி..." மிஸ் ட்ரிஸ்கல் நிறுத்தினார். கை வாய்க்குப் போயிற்று. "சட்டை ஒரு கூடைக்குள் இருந்தது. திரும்ப அந்தக் கூடைக்குள்ளேயே வைத்தேன்."

ஜப்பான் கடதாசி பஞ்சு மாதிரி, பாரம் தெரியாது. வெறும் சட்டைகள் என்று நினைத்துச் சத்தியபாமா ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனதில் ஒன்றுக்குள்ளே புத்தகம் இருந்திருக்கிறது.

அவள் ரெலிபோனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, கடைசியில் பவளத்தின் குரல். ரெலிபோனில் அவர் எப்போதும் கிணற்றடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரித்தான் பேசுவார்.

"ஆர் அது?"

"மச்சாள், நான் சத்தியா. தையல் மெசினுக்குப் பக்கத்திலை என்ரை கூடை இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அதுக்குள்ளை நீல அட்டையள். ஒண்டுக்குள்ளை புத்தகம் இருக்கோ எண்டு பாருங்கோ."

"அதை நேற்றே பாத்திட்டன். இருந்தது ஒண்டுக்குள்ளைதான். அதைத்தான் எடுத்துச் சாமிக்கு முன்னாலை வைச்சனான்."

சத்தியபாமா சுவரில் சாய்ந்தாள். மிஸ் ட்ரிஸ்கலைப் பார்த்துத் தலையாட்டினாள். மிஸ் ட்ரிஸ்கல் அப்படியே நாற்காலியில் இருந்து, கைக்குட்டையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார்.

நான் முதலே சொன்னேனே, புத்தகம் கிடைத்துவிட்டது.

உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். சரஸ்வதி பூசைக்கு அவரவர் தொழிற்பொருளைக் கும்பத்துக்கு முன்னால் வைப்போம். கதிர்காமநாதனின் அளவுகோல், மகள் கமலினியின் கணக்குப் புத்தகம் எல்லாம் வைத்தாயிற்று. சத்தியபாமாவுடையது ஒன்றும் இல்லையே என்று பவளம் தேடியிருக்கிறார். கூடைக்குள் கை விட்டால் அழகான நீல உறைக்குள் ஒரு புத்தகம். என்ன பாஷையென்று தெரியாது. எழுத்து என்றால் எழுத்துத்தான். ஒரு பட்டுத்துணியில் சுற்றி, பொட்டு வைத்து, கும்பிட்டாயிற்று.

"நல்லது மச்சாள். நாங்கள் இப்ப வாறம். ஒராளுக்கு அது அவசரமாத் தேவை."

"வாங்கோ. வந்து அவல் கடலை சாப்பிட்டுப் போங்கோ. ஆனால் புத்தகம் இண்டைக்கு எடுக்கேலாது."

"மச்சாள்..."

"என்ன மச்சாள்? வைச்ச புத்தகத்தை விசயதசமி விடியுமட்டும் எடுக்கவும் ஏலாது, வாசிக்கவும் ஏலாது. உனக்குத் தெரியாதே? வைச்சாப் பிறகு அது என்ரையும் இல்லை, உன்ரையும் இல்லை. ஆரைக் கேட்டு எடுக்கிறது?"

ரெலிபோன் வைக்கப்பட்டது.

சத்தியபாமா ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். தொலையவில்லை, பத்திரமாக இருக்கிறது, ஆனால் நாளைக் காலை வரை ஒருவரும் தொட முடியாது. சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. மிஸ் ட்ரிஸ்கல் மட்டும் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பத்திரமாக இருக்கிறது என்று சொன்னாய்தானே? மிச்சத்தை அங்கே போய்ப் பார்ப்போம்."

பழைய மொரிஸ் காரில் நாலு பேரும் நெருக்கிக்கொண்டு கிளென் வேவர்லிக்குப் போனார்கள்.

பவளம் வாசலிலேயே நின்றார், கையைக் கட்டிக்கொண்டு, சண்டைக்கு ஆயத்தமாக. குராஹாஷி காரிலிருந்து இறங்கி வந்தார். ஒருவரும் சொல்லவில்லை, வாசலில் சப்பாத்தைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி ஒழுங்காக வைத்தார். பவளத்தின் கட்டிய கை கொஞ்சம் தளர்ந்தது. மிஸ் ட்ரிஸ்கலும் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் ஓர் ஓட்டை.

சாப்பாட்டு அறை மூலையில் கும்பம். இங்கே மாவிலைக்கு எங்கே போவது? அயல்வீட்டுக் கமேலியா இலையைச் செருகித் தேங்காய் வைத்திருந்தார் பவளம். முன்னால் அவலும் கடலையும். பக்கத்தில் மெரூன் பட்டில் சுற்றிய பொதி.

குராஹாஷி முழங்கால் மடித்து அதன் முன்னால் இருந்தார். கையை நீட்டி எடுக்கவில்லை. இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, நெற்றி தரையில் படுமட்டும் குனிந்தார். நிமிர்ந்தார். அவ்வளவுதான்.

"பிள்ளை" என்று பவளம் மெல்லக் கேட்டார், "இவருக்கு ஆர் சொல்லிக் குடுத்தது இப்பிடிக் கும்பிட?"

"ஒருத்தரும் இல்லை மச்சாள். அவையளின்ரை வழக்கம் அது. பாட முந்திப் புத்தகத்தைக் கும்பிடுறது."

"கும்பிடட்டும். நல்ல மனுசன். ஆனால் இண்டைக்கு வாசிக்கப்படாது. அதை விளங்கச் சொல்லு."

சத்தியபாமா ஆங்கிலத்தில் சொல்ல, நோரிகோ ஜப்பான் மொழியில் சொன்னாள். குராஹாஷி கவனமாகக் கேட்டார். பிறகு மிஸ் ட்ரிஸ்கலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் புத்தகத்தை உங்கள் அண்ணா யாரிடம் வாங்கினார் என்று கேட்கிறார்" என்றாள் நோரிகோ.

மிஸ் ட்ரிஸ்கல் அண்ணன் சொல்லிக் கேட்ட பாடகரின் பெயரைச் சொன்னார். கிழவரின் புருவம் இரண்டும் மேலே போயின. பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் முதல் முதல் சிரித்தது அப்போதுதான். நோரிகோவும் சிரித்துச் சிரித்துத்தான் மொழிபெயர்த்தாள்.

"பாடகர்கள் தங்கள் புத்தகத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் குறி போட்டு வைப்பார்கள். எங்கே குரல் ஏற, எங்கே மூச்செடுக்க, எங்கே அழ. இது வேறு பரம்பரைக்காரரின் புத்தகம். அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்துப் பாடினால், செத்துப்போன என் குரு எழுந்து வந்து முதுகில் போடுவார். இந்த அம்மா விட்டாலும் நான் இதை வாசிக்கப்போவதில்லை. ஒரு வரிகூட."

பவளத்துக்கு விளங்கவில்லை. "அப்ப என்னத்தைப் பாத்துப் பாடுறது?"

"எல்லாம் மனப்பாடம். புத்தகம் முன்னால் இருக்கும், பக்கம் புரட்டுவேன், கண் அதில் இராது" என்று கிழவரின் பதில் வந்தது.

"அப்பிடியெண்டால் புத்தகம் எதுக்கு? சும்மா பாட வேண்டியதுதானே!"

கேள்வி ஆங்கிலமாகி, ஜப்பான் மொழியாகி, அவரிடம் போயிற்று. குராஹாஷி சிரிப்பை விட்டுவிட்டார். கும்பத்தையும் அந்தப் பட்டுப் பொதியையும் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"கதை என்னுடையது இல்லை. எழுதினவர் ஒருவர் இருக்கிறார். அவர் பக்கத்தில் இராமல் நான் எப்படித் தொடங்குவது? அம்மா, நீங்களும் வாசிக்கிறதுக்காக இதை இங்கே வைக்கவில்லையே."

பவளம் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் அவல் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். கிழவர் வாயில் போட்டு, அரிசி என்று கண்டுபிடித்துத் தலையாட்டினார். அவர் சாப்பிட்டு முடியுமட்டும் பவளம் நின்று பார்த்தார். அறையில் அவல் மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

"சரி" என்றார் பவளம் கடைசியில். "இதை எடுக்கிறது எண்டு சொல்லாதையுங்கோ. இடம் மாத்தி வைக்கிறது. எனக்கு முன்னாலை இருந்ததை அவருக்கு முன்னாலை வைக்கிறம். அங்கையும் கும்பிடத்தானே போறார்."

"பக்கம் புரட்டுவாரே மச்சாள்?" சத்தியபாமா பயந்து பயந்து கேட்டாள்.

"புரட்டட்டும். காத்தடிச்சாலும் பக்கம் புரளும்தானே. வாசிக்காட்டிச் சரி." பிறகு விரலை உயர்த்தினார். "ஆனால் கொண்டு வாறது நான். திருப்பிக் கொண்டு வாறதும் நான். இந்தச் சேலையை மாத்திப்போட்டு வாறன், நில்லுங்கோ."

பவளம் பொதியைத் தூக்கியதும் மிஸ் ட்ரிஸ்கலின் கண் அதில் இருந்த சந்தனப் பொட்டில் போய் நின்றது. பவளம் கண்டுவிட்டார். பட்டின் ஒரு முனையை விலக்கிக் காட்டினார். உள்ளே நீலச் சட்டை ஒரு கறை இல்லாமல் இருந்தது.

"பயப்பிடாதையுங்கோ மிஸ். பொட்டுப் பட்டிலைதான். புத்தகத்திலை தண்ணி படக்கூடாது எண்டு எங்களுக்கும் தெரியும்."

இது தமிழில்தான் சொல்லப்பட்டது. மிஸ் ட்ரிஸ்கலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மொரிஸ் காரில் இப்போது ஐந்து பேர், ஒரு புத்தகம். பவளத்துக்கு முன் சீட். மடியில் பொதி. மிஸ் ட்ரிஸ்கல் பெல்ட்டை இழுத்துப் புத்தகத்துக்கும் சேர்த்து மாட்டிவிட்டார்.

மண்டபத்தில் ஆட்கள் வந்து நிறையத் தொடங்கியிருந்தார்கள். மண்டபத்துக்காரர் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவர், பட்டுச்சேலைப் பெண் ஒருவர் குழந்தையைப் போல எதையோ ஏந்தி வருவதைக் கண்டு வழி விட்டார். மேடைக்குப் பக்கத்தில், பாடுகிறவருக்கென்று ஒரு சின்ன மேடை. கறுப்பு அரக்குப் பூசிய தாங்கி. பவளம் பட்டுத்துணியை அவிழ்த்து, சட்டையின் எலும்பு ஊசியை இழுத்து, புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். குராஹாஷி இரண்டு கையாலும் வாங்கினார்.

விளக்கு அணைந்தது. நரம்பு வாத்தியக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். குராஹாஷி புத்தகத்தை உயர்த்தி நெற்றியில் வைத்தார். இருட்டில் பவளத்தின் கையும் தன்பாட்டில் நெற்றிக்குப் போனது.

பிறகு அந்தக் குரல் வந்தது. நெஞ்சுக்கும் கீழே வயிற்றிலிருந்து வருகிற குரல். தாயும் அவரே, மகளும் அவரே, பனியும் அவரே. கறுப்பு உடுப்புக்காரர் மூன்று பேர் சேர்ந்து ஒரு பொம்மையை நடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்பு ஆட்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள், பொம்மை தானே நடந்தது.

பவளம் பொம்மையைப் பார்க்கவில்லை. கிழவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், காவல் இருக்கிறவர் மாதிரி. கண் ஒரு தரமாவது புத்தகத்தில் விழுகிறதா? விழவில்லை. பாட்டு ஓட ஓடக் கை தானாகப் பக்கத்தைப் புரட்டியது. கண் எங்கேயோ பனிக்குள் இருந்தது. தாய் மகளின் செருப்பைக் கண்டெடுக்கிற இடத்தில் அவர் முகமெல்லாம் வேர்வையும் கண்ணீருமாகி, இரண்டு மூன்று பக்கம் சேர்ந்து புரண்டன.

பவளம் சத்தியபாமாவின் காதுக்குள் சொன்னார், "காத்து இப்ப பலமா அடிக்குது."

அப்படிச் சொன்னவரின் குரலும் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் காவல் இருக்கவில்லை. பொம்மையைப் பார்த்து மற்றவர்களைப்போலவே அழுதார். மிஸ் ட்ரிஸ்கலோ அழவில்லை. கையை மடியில் விரித்து வைத்து, பாரம் இறக்கியவர்போல இருந்தார். வாசிக்கத் தெரியாமல் அத்தனை வருஷம் காத்த எழுத்து இப்படித்தான் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

காட்சி முடிந்ததும் குராஹாஷி புத்தகத்தை மறுபடியும் நெற்றியில் வைத்து, மூடி, இரண்டு கையாலும் பவளத்திடம் கொடுத்தார். பவளம் பட்டில் சுற்றினார்.

"நாளைக்கு விடிய வரச் சொல்லு" என்றார் சத்தியபாமாவிடம். "நாளைக்குத் திறந்து வாசிக்கலாம். முதல் வரியை அவர் வாசிக்கட்டும்."

நோரிகோ கேட்டுச் சொன்னாள். குராஹாஷி கையை ஆட்டினார். "நாளைக்கும் முடியாதாம். சிவப்புக் குறி நாளைக்கும் அதில்தானே இருக்கும் என்கிறார்."

பவளம் சிரித்த சிரிப்பில் வாத்தியக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை குராஹாஷி வந்தார். தொலைந்த பெட்டி வந்து சேர்ந்திருந்தது. தன் சொந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்து, கும்பத்துக்கு முன்னால் மற்றதற்குப் பக்கத்தில் வைத்தார். பூசை முடிந்து, கமலினி கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி வாசித்தாள். குராஹாஷி தன்னுடையதில் முதல் வரியைப் பாடினார். நூலகத்துப் புத்தகத்தின் முதல் வரியை, எந்தப் பரம்பரையையும் சேராத நோரிகோ வாசித்தாள். மிஸ் ட்ரிஸ்கல் அவளைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். மறுபடியும் ஒரு தரம். கடைசியில் தானும் கூடவே சொல்லப் பழகிக்கொண்டார்.

சத்தியபாமா அதற்குள் சட்டைக்குப் புது வளையம் தைத்து முடித்திருந்தாள். புத்தகத்தை உள்ளே வைத்து, ஊசியைச் செருகி, மிஸ் ட்ரிஸ்கலிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். பட்டுத்துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பவளம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அது அதோடையே இருக்கட்டும். வாற வருசம் கட்டிக்கொண்டு வரத் தேவை."

இது மொழிபெயர்க்கப்பட்டது. மிஸ் ட்ரிஸ்கல் கொஞ்சம் யோசித்தார். தாண்டக் கூடாதென்று அண்ணன் சொன்ன வாசற்படி ஒன்று இருக்கிறதல்லவா? பிறகு, "உங்கள் வீட்டுப் படி வரைக்கும் வரலாம்" என்றார்.

அடுத்த வருஷம் நவராத்திரிக்கு மிஸ் ட்ரிஸ்கல் வந்தார். காலுறையில் ஓட்டை இல்லை. புத்தகம் முன் சீட்டில் பட்டுச் சுற்றிக்கொண்டு, பெல்ட் மாட்டிக்கொண்டு வந்திறங்கியது.